இருவரும் ஒருவரும்

கூட்டேரிப்பட்டுக்குத் தென்மேற்கே, விழுப்புரத்தை அடுத்துள்ள திருவாமாத்தூர்க்குக் கலம்பகம் பாடிய புலவரை ‘இரட்டையர்’ என்கிறோம். பார்வையிலார் சுமக்க, நடக்கவியலார் வழிகாட்டினார் என்பதும், வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் பாடினர் என்பதும் செவிவழிச் செய்தி. இவர்கள் ஒட்டிப்பிறந்தோர் அல்லர். எனினும் பிரியாது வாழ்ந்தோரை இருவராகவே கண்டது மரபு.

ஒட்டிப்பிறந்தோரைக் கதைமாந்தராக்கிய ‘மாற்றான்’ (2012) திரைப்படமோ, முன்பாதியை இருவர்க்கும் பின்பாதியை ஒருவர்க்கும் அளித்தது. விமலன் இறக்க, அகிலன் தனியனாகிறான். வளர்ந்த இருவர் இணைந்தே உண்டு, உழைத்து, பிணங்கி வாழ்தலை இறுதிவரை காட்டக் கதை துணியவில்லை.

நிகழ்வாழ்க்கை வேறாக உள்ளது. அமிர்தசரசின் சோனாவும் மோனாவும் 2021இல் மின்கழகப் பணிக்குச் சென்றனர்; 2022 பஞ்சாபுத் தேர்தலில் தனித்தனியே வாக்களித்தனர். உடல் இணைந்திருப்பினும் ஆள் இருவரே என அரசு ஏற்றபின், புனைவும் அதனை ஏற்றல் கடன் என்பது எம் கருத்து.