தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

சிலேரோ விஏடி என்று சொன்னாலே எனக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. மொத்தமே இரண்டு எம்பி அளவுள்ள சின்ன மாடல். அதற்கு ஒரே வேலைதான்: ஒலிப்பதிவைத் துண்டு துண்டாகக் கேட்டு, இங்கே மனிதர் பேசுகிறாரா இல்லையா என்று சொல்வது. என்ன பேசுகிறார் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு வேலையை அது செய்கிற அழகு இருக்கிறதே!

விசைத்தறி ஓட்டுகிறவர்களைப் பேட்டி எடுத்து எழுத்தாக்குவது என் வேலை. தறியை நிறுத்தினால் கூலி போகும், அதனால் ஓட்டிக்கொண்டேதான் பேசுவார்கள். நூல் அறுந்தால் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போய் முடிச்சுப் போட்டு வருவார்கள். அந்த இடைவெளியில் எழுத்தாக்கும் மென்பொருள் சும்மா இருக்காது. யாருமே வாய் திறக்காத இடத்தில் "பார்த்தமைக்கு நன்றி" என்று எழுதி வைக்கும். இணைய வீடியோக்களின் சப்டைட்டில்களைப் படித்து வளர்ந்த மாடல்களுக்கு இது வழக்கமான சிக்கல். பேச்சுள்ள பகுதிகளை மட்டும் சிலேரோ பிரித்துக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த நன்றிகள் மாயமாயின. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

சத்தம் கூடினால் பேச்சு, குறைந்தால் மௌனம் என்று கணக்குப் போட்டால் தறிக்கூடம் முழுக்கப் பேச்சாகிவிடும். 1975-இல் பெல் ஆய்வகத்தின் ராபினரும் சாம்பரும் ஒலியின் வலுவோடு, அலை பூஜ்ஜியக் கோட்டை எத்தனை முறை கடக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினார்கள். 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகள் வலுவில் மெலிந்தவை, ஆனால் அந்தக் கோட்டை அடிக்கடி கடப்பவை. எப்பேர்ப்பட்ட யோசனை! பதிவின் முதல் 100 மில்லிசெகண்டில் பேச்சு இருக்காது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்தே பின்னணி இரைச்சலை அளந்தார்கள். அமைதியான அறைக்கு அது போதும், தறிக்கூடத்துக்குப் போதாது.

சிலேரோ நரம்பு வலையில் இயங்குவது. 16 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 32 மில்லிசெகண்ட் துண்டு ஒவ்வொன்றுக்கும், முன்னால் கேட்டதையும் நினைவில் வைத்துக்கொண்டு, 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். சாதாரண லேப்டாப்பிலேயே சிட்டாய்ப் பறக்கிறது. அந்த மதிப்பெண்களைக் கோடாக வரைந்து பார்ப்பது எனக்குத் தனி இன்பம். தறி தடதடக்கும் இடமெல்லாம் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒரு அக்கா "நூலு அந்துபோச்சு, இருங்க" என்று சொன்ன இடத்தில் மட்டும் 0.9-க்கு எகிறுகிறது!

பேச்சு தொடங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள 0.5 வேண்டும்; முடிந்துவிட்டது என்று சொல்ல 0.35-க்குக் கீழே இறங்க வேண்டும். இந்த இடைவெளி இருப்பதால் குரல் சற்றுத் தணிந்தாலும் வாக்கியம் அறுபடுவதில்லை. தமிழுக்கு இது ரொம்பவே முக்கியம். 'பத்து', 'எட்டு' என்னும்போது இரட்டித்த வல்லினத்தில் நாக்கு காற்றை அடைத்து நிற்கிற கணத்தில் குரலே இருக்காது. கடைசி உகரமோ தேய்ந்துதான் ஒலிக்கும். அதனால் அரை செகண்டாவது மௌனம் நீடித்தால்தான் வெட்டு, வெட்டிய துண்டுக்கு இருபுறமும் 200 மில்லிசெகண்ட் ஓரம் என்று வைத்திருக்கிறேன். இப்போது கூலிக் கணக்குச் சொல்லும்போது எண்கள் முழுசாக வந்து விழுகின்றன.

பக்கத்தில் எஃப்எம் ஓடினால் அதன் அறிவிப்பாளரையும் பேச்சென்றுதான் சொல்லும். அதுவும் மனிதக் குரல்தானே! யார் பேசியது என்று பிரிக்க வேறு கருவி இருக்கிறது.

எம்ஐடி உரிமத்தில் வருவதால் காசு கிடையாது. இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை. ஃபாஸ்டர் விஸ்பர் என்ற எழுத்தாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். சிலேரோ அதற்குள்ளேயே இருக்கிறது, விஏடி வடிகட்டியை ஆன் செய்தால் போதும். இரைச்சலான பதிவு கையில் இருந்தால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.