‘வீடும் வெளியும்’: தாய் என்னும் பட்டம்

இரவீந்திரநாத் தாகூரின் ‘வீடும் வெளியும்’ (கரே பைரே, 1916), பெண் வாசற்படி தாண்டுவதால் விளையும் கேட்டைக் கூறும் நாவலென வாசிக்கப்படுவதுண்டு. நுணுகி நோக்குவோர்க்கு இவ்வாசிப்புப் போதாதென்பது புலனாகும். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கத்தின் சூழலில், நிலப்பிரபு நிகிலேஷின் மனைவி விமலாவின் அமைதியான வாழ்வினுள் கணவனின் நண்பன் சந்தீப் நுழைகிறான். அவளை வெளியுலகுக்கு முதலில் அழைத்தவன் கணவனே. அவளைக் கெடுத்தது வெளியன்று, புகழ்ச்சி.

விமலா ஏமாளியல்லள். சந்தீப்பின் புகைப்படமே அவளுக்குப் பிடிக்கவில்லை. தேசத்தின் பெயரால் அவன் தன் கணவனிடம் பணம் கறப்பதையும் அவள் அறிவாள். எனினும் அவனது சொற்பொழிவைத் திரைமறைவிலிருந்து கேட்டவள், தன்னையறியாமலே திரையை விலக்குகிறாள். பின்னர் அவன் அவளைத் தேனீக்களின் அரசி என்கிறான். தாய்நாட்டின் திருவுருவம் என்கிறான். பிள்ளைப்பேறற்ற ஒருத்திக்கு நாட்டின் தாய் என்னும் பட்டம் எத்துணை மயக்கந் தருவது! ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டுப் பின் ஐயாயிரம் போதுமென இறங்கும் பக்தனை எந்தத் தெய்வமும் சற்று ஐயுற்றிருக்கும். விமலா ஐயுறவில்லை, கணவனது பெட்டகத்திலிருந்து திருடுகிறாள்.

அவளை மீட்பது நிகிலேஷின் பொறுமையுமன்று. சந்தீப்பின் சீடனான அமூல்யன் என்னும் இளைஞன், பணத்துக்காக முதிய காசாளரைக் கொல்லவும் தயங்கேன் எனக் கீதையைத் துணைக்கழைத்துப் பேசுகிறான். பால்மணம் மாறாத அம்முகத்திலிருந்து அச்சொற்கள் வந்த கணமே அவளுள் தாய்மை விழிக்கிறது. சந்தீப் படைத்த தாய், பிள்ளைகளிடம் பலி கேட்பவள். இவளோ ஒரு பிள்ளையைப் பலியாகாமற் காக்கத் துடிப்பவள். நாவலின் உயிர்நிலை இதுவேயாகும்.

ஜோர்ஜ் லூகாச் 1922இல் சந்தீப்பைக் காந்தியின் இழிந்த கேலிச்சித்திரமெனக் கண்டித்தார். காந்தி தென்னாபிரிக்காவை விட்டு இந்தியா திரும்பியதே 1915இல். அவ்வாண்டிலேயே நாவல் ‘சபுஜ் பத்ர’ இதழில் வெளிவரத் தொடங்கிவிட்டது. அக்கண்டனம் காலக்கணக்கிலேயே பிழைத்தது. அந்நியத் துணி எரிக்கப்படுகையில் அழிவது ஏழைக் குடியானவன் பஞ்சுவின் முதல் என்பதைக் காட்டிய நாவலை, மக்கள் நலனுக்குப் பகையானதெனத் தள்ளுதலும் பொருந்தாது. குறை வேறிடத்தில் உள்ளது. மூவரும் தத்தம் கதையைத் தாமே கூறும் அமைப்பில், சந்தீப் தன் பேராசையைத் தானே பறைசாற்றிவிடுகிறான். விமலாவை ஈர்த்த கவர்ச்சி வாசகரை எட்டுவதேயில்லை. அவளது மயக்கம் வேண்டியதற்கும் மிகையான மடமையாகத் தோன்ற நேர்கிறது.

சத்யஜித் ராய் 1984இல் இதனைப் படமாக்கியபோது நிகிலேஷ் இறக்கிறான். விமலா விதவையாக நிற்கிறாள். தாகூரிடமோ நிகிலேஷ் தலையிற் காயத்துடன் கொண்டுவரப்படுகிறான். பிழைப்பானா என்பது கூறப்படவில்லை. ஐயத்துக்கிடமின்றி உரைக்கப்படுவது அமூல்யனின் சாவு ஒன்றே.