சதவீதம் என்றால் போதுமா?

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அடர் கந்தக அமிலப் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் சீட்டில் 98 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இந்த அமிலத்தைக் கொண்டு ஒரு மோலார் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னால், எத்தனை மில்லிலிட்டர் எடுப்பீர்கள்?

நான் மாணவனாக இருந்தபோது 100 மில்லிலிட்டர் என்று விடை கண்டேன். நூறு மில்லிலிட்டரில் 98 கிராம் அமிலம். அதன் மூலக்கூறு எடையும் 98. ஆகவே சரியாக ஒரு மோல். கணக்கு எவ்வளவு அழகாக முடிந்துவிட்டது, பாருங்கள்! ஆனால் தரம் பார்த்தபோது கரைசல் ஏறத்தாழ இரு மடங்கு செறிவாக இருந்தது. பியூரெட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். பியூரெட் சுத்தமாகத்தான் இருந்தது.

பிழை சதவீதத்தைப் புரிந்துகொண்டதில் இருந்தது. சீட்டில் உள்ள 98, எடைக்கு எடை. அதாவது 100 கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம். அத்திரவத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.84 கிராம். ஒரு லிட்டரின் எடை 1840 கிராம். அதில் அமிலம் 1803 கிராம். 98ஆல் வகுத்தால் 18.4 மோலார். எனவே தேவையானது சுமார் 54 மில்லிலிட்டரே. (அதையும் நீரில்தான் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றுவது ஆபத்து.)

செறிவு என்னும் பாடத்தை நாம் நடத்தும் முறையில் ஒரு குறை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். சூத்திரம் வருகிறது, எண்களைப் பொருத்துகிறோம், விடை வருகிறது. 'எதில் எது, எந்த அளவையால்?' என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசலில் சதவீதம் என்பது கன அளவுக்கு எடை: ஒரு லிட்டர் கரைசலில் 9 கிராம் உப்பு. சாராயக் கரைசலிலோ பெரும்பாலும் கன அளவுக்குக் கன அளவு. ஒரே குறி, மூன்று பொருள்! 'ஒரு லிட்டர் நீரில் கரை' என்பதும் 'கரைத்து ஒரு லிட்டராக்கு' என்பதும் கூட ஒன்றல்ல. 342 கிராம் சர்க்கரையை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 1.2 லிட்டர் கரைசல். மோலால் வேறு, மோலார் வேறு என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும். வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நார்மாலிட்டியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. லிட்டருக்கு 3.16 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உள்ள கரைசல், அமில ஊடகத்தில் 0.1 நார்மல், நடுநிலை ஊடகத்தில் 0.06 நார்மல். புட்டிக்குள் எதுவும் மாறவில்லை, எண் மட்டும் மாறுகிறது. இத்தகைய அளவையைச் சீட்டில் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து வழக்கு, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அறிவித்த முறைப்படி ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. கிராம்களை மட்டும் பார்த்தால், உப்பைப் போல ஐந்து மடங்கு குளுக்கோஸ் ஏன் என்று வியப்பீர்கள். மோலாக மாற்றிப் பாருங்கள். குளுக்கோஸ் 75 மில்லிமோல். இரண்டு உப்புகளிலிருந்தும் வரும் சோடியமும் 75 மில்லிமோல்! குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே செல்கின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது என்பதுதான் இந்த மருந்தின் அடிப்படை. கிராம் கணக்கு மறைத்த அந்தச் சமநிலையை மோல் கணக்கு காட்டிவிடுகிறது.

இன்னும் ஒரு படி செல்லலாம். சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டினால் 245. முந்தைய முறையில் இத்தொகை 311 ஆக இருந்தது. கரைந்த துகள்கள் மிகுந்தால் சவ்வூடு பரவலால் நீர் குடலுக்குள்ளேயே இழுக்கப்படும் என்பதால் குறைத்தார்கள். சவ்வூடு பரவலில் கணக்கு துகள்களின் எண்ணிக்கைக்குத்தான், எடைக்கு அல்ல.

இனி, ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு தாய் 200 மில்லிலிட்டர் டம்ளரில் கரைத்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சோடியம் 75 அல்ல, 375 மில்லிமோல். நீர் வற்றிய குழந்தைக்கு இது மருந்தல்ல, கேடு. இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். ஒரு டம்ளருக்கு உரிய சிறு பொட்டலமும் கடையில் கிடைப்பதால், இரண்டும் மாறிப்போவது எளிது. அவளுக்கு மோல் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு நீரில் என்பது பெரிய எழுத்தில், தமிழில் தெரிந்தால் போதும்.

அதற்காகச் சதவீதத்தையும் கிராமையும் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தராசுக்கு மோல் தெரியாது. மருந்து கலப்பவருக்கு நிறுக்கத் தக்க எண் வேண்டும். சதவீதம் அதை உடனே தருகிறது. பக்கத்தில் 'எடைக்கு எடை' என்றோ 'கன அளவுக்கு எடை' என்றோ இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் என் புகாரில் பாதி தீர்ந்துவிடும்.

பாடநூலில் இல்லாத ஒரு கணக்கு உங்களுக்கு. மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியில் சில சமயம் '20 வால்யூம்' என்றிருக்கும். சில சமயம் 6 சதவீதம் என்றிருக்கும். ஒரு மில்லிலிட்டர் கரைசல் சிதைந்து 20 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் தரும் என்பது முன்னதன் பொருள். மூலக்கூறு எடை 34; இரண்டு மோல் பெராக்சைடு ஒரு மோல் ஆக்ஸிஜனைத் தரும்; ஒரு மோல் வாயு 22.4 லிட்டர். இரண்டு சீட்டும் ஒரே கரைசலுக்குரியவைதாமா என்று போட்டுப் பாருங்கள். சதவீதத்தை எந்த வகையாகக் கொண்டீர்கள் என்பதையும் விடையோடு எழுதுங்கள்.