உதகையிலிருந்து பக்தாத் வரை: ரிச்சர்ட் பர்ட்டனின் கற்பனை அரேபியா

ஆயிரத்தொரு இரவுகளை ஆங்கிலத்தில் படித்த நம்மவருள் பலருக்கு அரபுலகம் என்றதும் மனத்தில் எழுவது ரிச்சர்ட் பர்ட்டன் (1821–1890) தீட்டிய சித்திரமே. அதில் அரபியரின் பங்கு எவ்வளவு, பர்ட்டனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது நம் கடமை. அதற்கு, நம் நீலகிரியைப் பற்றி அவர் எழுதிய நூல் துணைசெய்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் இருந்த பர்ட்டன், உடல்நலம் குன்றி விடுப்பெடுத்து, 1847இல் கோவா, மலபார் வழியாக உதகை வந்தார். அப்பயணத்தைப் பற்றிய 'கோவாவும் நீலமலைகளும்' 1851இல் வெளியாயிற்று. உதகையின் வெள்ளையர் வாழ்வை அதில் அவர் எள்ளி நகைக்கிறார். தோடர் முதலிய மலைமக்களைக் கூர்ந்து நோக்கி விவரிக்கிறார். ஆயினும் அம்மக்கள் காட்சிப்பொருளாகவே நிற்கின்றனர். அவர்தம் குரல் நமக்குக் கேட்பதில்லை.

இந்நோக்கே பின்னர் பெருகி வளர்ந்தது. 1853இல் மாறுவேடத்தில் மக்கா சென்று திரும்பிய அவர், 1885 முதல் 1888 வரை இரவுக்கதைகளைப் பதினாறு தொகுதிகளாக, சந்தாதாரர்க்கு மட்டும் வெளியிட்டார். அவரது அரபுப் புலமையை நாம் மறுக்கவில்லை. மூலத்தின் ஸஜ்உ எனும் எதுகை உரைநடையை ஆங்கிலத்தில் கொணர அவர் முயன்றது பாராட்டத்தக்கது. எனினும், ஜான் பெய்ன் சில ஆண்டுகள் முன்னரே வெளியிட்ட மொழிபெயர்ப்புக்கு அவர் பெரிதும் கடன்பட்டவர். பேச்சுவழக்கை ஒட்டிய எளிய அரபு நடை, அவர் கையில் வழக்கொழிந்த சொற்கள் மலிந்த விந்தை நடையாயிற்று. காமம் பற்றிய அடிக்குறிப்புகளோ, கதையைவிட உரையாசிரியரின் ஆவலையே மிகுதியும் காட்டுகின்றன.

அரபுப் புலவர் இக்கதைகளை மதித்த அளவு வேறு. ஹிஜ்ரி 377இல் 'ஃபிஹ்ரிஸ்த்' தொகுத்த இப்னு நதீம், இவற்றின் பாரசீக முன்னோடியான 'ஹஸார் அஃப்ஸான்' நூலைச் சுவையற்றது என்றே கருதினார். ஹரீரியின் மகாமாத் பயிலும் நம் அரபுக் கல்லூரி மாணவர், உரைநடைக் கலையின் உச்சத்தை வேறிடத்தில் காண்பர். அதனால் இரவுக்கதைகள் இழிந்தவை என்று பொருளன்று. பக்தாத், கெய்ரோ கடைத்தெரு மாந்தரின் அச்சமும் நகைப்பும் அவற்றில் உயிர்ப்புடன் உள்ளன. அவற்றை நாடுவோர்க்குப் பழைய சிரியக் கைப்பிரதியை அடியொற்றி முஹ்ஸின் மஹ்தி 1984இல் பதிப்பித்த மூலம் இருக்கிறது.

பர்ட்டனைப் படிக்கலாம், ஆனால் ஆங்கிலத்தின் மாபெரும் கற்பனைப் படைப்பாளிகளுள் ஒருவராகவே படித்தல் வேண்டும். அரபியரை அறிய அவரைச் சாட்சியாகக் கொள்வது, தோடரை அறிய உதகைக்கு வந்த விடுப்புக்காரரின் குறிப்பேட்டை மட்டும் நம்புவது போன்றதாகும்.