ஈரலுக்கு வகுத்த முறை மூளைக்குப் போதுமா?

நாயின் குடலில் வாழும் எக்கைனோகாக்கஸ் என்னும் சிறு நாடாப்புழுவின் முட்டை மனித உடலுள் புகுந்தால், நீர் நிறைந்த பையாக வளர்கிறது. இதுவே ஹைடாடிட் கட்டி. இதைக் கண்டறிய மீயொலிப் படமே சிறந்தது என்று பல பாடக்குறிப்புகள் கூறுகின்றன. இக்கூற்று எதுவரை செல்லும் என்று பார்ப்போம்.

1981இல் துனீசியாவின் கார்பி குழுவினர், ஈரல் கட்டிகளை மீயொலித் தோற்றத்தைக் கொண்டு 5 வகைகளாகப் பிரித்தனர். 2003இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கட்டி உயிர்ப்புடன் உள்ளதா, மாறும் நிலையில் உள்ளதா, செயலற்றதா என்று காட்டும் வகைப்பாட்டை வெளியிட்டது. இவை போற்றத்தக்க பணிகள். குறை, ஈரலுக்கு வகுத்த முறையை உடல் முழுவதற்கும் உரியதாகக் காட்டும் பாடக்குறிப்புகளில்தான் இருக்கிறது.

மீயொலி மென்திசுக்களில் வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் எளிதாகச் செல்லும். காற்றைச் சந்தித்தால் அநேகமாக முழுவதும் எதிரொளிக்கப்படும். எலும்பிலோ பெரும்பகுதி எதிரொளித்தும் உட்கவரப்பட்டும் போகும். ஆகவே நுரையீரலின் ஆழமும் மண்டையோட்டின் உட்புறமும் அதற்கு மறைவிடங்கள். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தை மட்டும் விலக்கு.

இம்மறைவிடங்களே சிறுவர்களிடம் முக்கியமானவை. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் நுரையீரல் கட்டிகளின் பங்கு அதிகம். மூளையில் இக்கட்டி தோன்றுவது அரிது; தோன்றினால் நோயாளி பெரும்பாலும் சிறுவரே. தலைவலி, வாந்தி என்று வரும் குழந்தைக்குப் புற்றுக்கட்டியோ என்ற ஐயமே முதலில் எழக்கூடும்.

இரத்தப் பரிசோதனை துணை செய்யாதா எனக் கேட்பீர்கள். மூளையில் உடையாமல் இருக்கும் கட்டி எதிர்ப்பொருள்களை அதிகம் தூண்டாமல் இருக்கலாம். எனவே, பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு நோய் இல்லை என்பது பொருளன்று. இங்கு சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களே கைகொடுக்கின்றன. உருண்டை வடிவம், வழவழப்பான விளிம்பு, மூளைத் தண்டுவட நீரை ஒத்த உள்நீர், சுற்றிலும் வீக்கமின்மை ஆகியவை இதன் அடையாளங்கள்.

தவறினால் விளைவு பெரிது. சாதாரண நீர்க்கட்டி என்று எண்ணி முன்னேற்பாடின்றி ஊசியால் குத்தினால், உள்நீர் கசிந்து கடும் ஒவ்வாமை அதிர்ச்சி உண்டாகலாம். சிதறிய புழுத்தலைகள் புதிய கட்டிகளாகலாம்.

ஆகவே பாடக்குறிப்புகளில் ஒரு வரி சேர வேண்டும்: மீயொலி எங்கே காணாது என்பது. அதனருகே மற்றொன்று: குழந்தை ஆடுகளும் நாய்களும் உள்ள சூழலில் வாழ்ந்ததா என்ற கேள்வி. இதைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை.