அரைத் தமிழ் வாத்தியார்

‘சத்திய சோதனை’யில் டால்ஸ்டாய் பண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி வரும் அத்தியாயங்களை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. 1910-இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக, ஜோஹன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தள்ளி, காலன்பாக் தந்த 1,100 ஏக்கரில் ஏற்பட்ட பண்ணை அது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் குஜராத்திக்காரரான காந்திஜி! கப்பலிலும் சிறையிலும் படித்த தமிழ். போப்பையர் புத்தகத்தைத் தாண்டாத தமிழ். பிள்ளைகளோ அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், எழுத்தே அறியாதவர்கள். ஆனால் இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது வந்துவிட்டால், அவர்கள்தாம் வாத்தியாருக்குத் துபாஷிகள். தமக்குத் தெரியாததை அவர் அவர்களிடம் மறைக்கவும் இல்லை.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளை எங்கள் தருமபுரி ஜில்லாவில் நிறையப் பார்க்கலாம். அதனாலோ என்னவோ, எனக்கு ஒரு குறை. எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுமாறினார்கள்? எந்த இடத்தில் வாத்தியாரையே திருத்தினார்கள்? அதையெல்லாம் சொல்லாமல், வகுப்பு சந்தோஷமாக நடந்தது என்று ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறார்.

பொய்யும் சண்டையுமாகத் திரிந்த ஒரு பையனை ரூலரால் அடித்துவிட்டுத் தாமே நடுங்குகிறாரே, அங்கேதான் அந்தப் பள்ளிக்கூடம் கண்முன் எழுகிறது. பதினேழு வயசு, திருப்பி அடிக்கக்கூடிய உடம்பு. அவன் அழுது மன்னிப்புக் கேட்கிறான். பெயர்கூடச் சொல்லப்படாத அவன் ஒருவனுடைய முகந்தான் எனக்குத் தெரிகிறது.