யார் சொன்னது என்று கேட்காத வாசகன்

'உதவியாளர்' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் இப்போது எழுதப்படுகிறவற்றில் இச்சொல் எந்தக் கேள்வியுமின்றிப் புழங்குகிறது. கடிதத்தைப் படித்துச் சுருக்கித் தரும், பதில் எழுதும், கணக்குப் பார்க்கும். களைப்படையாத, எதிர்த்துப் பேசாத ஆள். ஆண்டை மனசுக்கு இதைவிட இதமான பிம்பம் கிடையாது. இதையே விற்கிறவர்கள் தமக்குள் 'ஏஜென்ட்' என்று அழைக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிக்கு ஏஜென்ட் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் நிற்பவரை அவருக்குத் தெரியும்.

இந்தக் கரிசக்காட்டில் 'பவர்' என்றால் கரண்ட் மட்டுமல்ல. பவர் எழுதிக் கொடுப்பது என்பது தன் பெயரில் இன்னொருவன் கையெழுத்துப் போடத் தான் சம்மதிப்பது. ஸ்பெஷல் பவர் ஒரு காரியத்தோடு முடியும். ஜெனரல் பவர் அப்படியல்ல. வாங்கினவன் செய்ததெல்லாம் கொடுத்தவன் தலையில் விடியும். மின்னஞ்சலை, கோப்புகளை, வங்கிக் கணக்கை ஓர் உதவியாளரோடு இணைக்கும்போது திரையில் வரும் 'அலோ' பொத்தான் செய்வது இதைத்தான். அங்கே பாஸ்வேர்டு கைமாறுவதில்லை. பதிலாக 'டோக்கன்' என்று நீண்ட எழுத்துச் சரம் ஒன்று பிறக்கிறது. அதை வைத்திருப்பவன் எவனோ, அந்தச் சேவையைப் பொறுத்தவரை அவனே நீங்கள். பல இடங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலும் டோக்கன் சாவதில்லை. தனியாகத் தேடிப் போய் ரத்து செய்ய வேண்டும்.

பாளையம்பட்டியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். பயிர்க் காப்பீடு, நூற்பாலைத் தொழிலாளர்களின் பி.எஃப்., குரூப் 4 விண்ணப்பம், எல்லாம் அங்கேதான். மக்களுக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது. ஆகவே நாற்பது பக்க நோட்டொன்றில் ஊர்ப்பாதியின் பாஸ்வேர்டும் இருக்கிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். அரசு தன் கதவுகளையெல்லாம் இணையத்துக்கு மாற்றிவிட்டுச் சாவியை மட்டும் எழுத்தறியாதவர் மடியில் கட்டியதன் விளைவு அந்த நோட்டு. போன மாதம் அவர் சொன்னார்: "அண்ணே, சென்டர் மெயில இவன்ட்ட கனெக்ட் பண்ணிட்டேன். எல்லாத்தையும் அவனே பாத்துக்கிறான்." பாஸ்வேர்டு கொடுத்தீர்களா என்றேன். "ச்சே, அலோதாண்ணே அமுக்குனேன்." நோட்டு அவருடைய மேசை டிராயரில் இருந்தது. டோக்கன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2025 ஆகஸ்டில் நடந்ததைப் பார்ப்போம். சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் 'டிரிஃப்ட்' என்ற உரையாடும் உதவியாளரைப் பல கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் தரவோடு இணைத்து வைத்திருந்தன. திருடர்கள் அந்தக் கம்பெனிகள் ஒன்றின் பூட்டையும் உடைக்கவில்லை. டிரிஃப்டிடமிருந்த டோக்கன்களை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 8 முதல் 18 வரை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முறையான ஆளாகப் போய் வந்தார்கள். 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது கூகுள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிளவுட்ஃப்ளேர், ஸெட்ஸ்கேலர், பாலோ ஆல்டோ ஆகியவையும் பாதிக்கப்பட்டவற்றில் உண்டு. அள்ளிய தரவுக்குள் அவர்கள் தேடியது என்ன? இன்னும் சில பாஸ்வேர்டுகள், இன்னும் சில சாவிகள்.

இது பழைய திருட்டின் புதிய உருவம் எனலாம். இன்னொன்று முற்றிலும் வேறு வகை. இலக்கிய விமர்சனக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். உதவியாளருக்கு எல்லாமே பிரதி. நீங்கள் இடும் கட்டளையும், படிக்கக் கொடுத்த கடிதமும், அந்தக் கடிதத்துக்குள் முன்பின் தெரியாதவன் எழுதி வைத்த வரியும் ஒரே நீரோட்டமாக உள்ளே போகின்றன. எது எஜமானன் குரல், எது அந்நியன் குரல் என்று உறுதியாகப் பிரிக்கும் கருவி அதனிடம் இல்லை. 2025 ஜூனில் வெளிவந்த 'எக்கோலீக்' ஓட்டை இதற்குச் சாட்சி. மைக்ரோசாஃப்ட் கோபைலட் வைத்திருப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போனால் போதும், அவர் எதையும் அமுக்க வேண்டாம். பிறகு அவர் கோபைலட்டிடம் வேறேதோ கேட்கும்போது, அது அந்தக் கடிதத்தையும் படித்து, உள்ளிருக்கும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவருடைய கோப்புகளை வெளியே கசிய விடும். மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. வாடிக்கையாளர் யாரும் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஓட்டை அடைபட்டது, வாசிப்பு முறை மாறவில்லை.

ரோலான் பார்த் 1967இல் 'ஆசிரியனின் மரணம்' எழுதினார். தொண்ணூறுகளில் அதை வைத்துக்கொண்டு நாம் எத்தனை பக்கம் சண்டை போட்டோம். யார் எழுதியது என்று கேட்காமல் பிரதியை வாசிப்பது விடுதலை என்றோம். இப்போது அப்படிப்பட்ட வாசகன் நிஜமாகவே வந்துவிட்டான். ஆசிரியன் யார் என்று அவன் கேட்பதேயில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அவன் கையில் உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது.

ஆனால் ஆசிரியனை ஒருநாளும் சாகவிடாத இன்னொரு வாசகன் இருக்கிறான். அவன் பெயர் போலீஸ். எழுத்தாளன் தண்டிக்கப்படத் தக்கவன் ஆனபோதுதான் எழுத்துக்கு உரிமையாளன் உருவானான் என்று 1969இல் ஃபூக்கோ வாதிட்டதை பீமா கோரேகான் வழக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2016 ஜூன் 13 அன்று ரோனா வில்சனுக்கு வரவர ராவின் கணக்கிலிருந்து கடிதம் வந்தது. அனுப்பியவன் அந்தக் கணக்கைக் கைப்பற்றியிருந்த வேறொருவன். இணைப்பைத் திறக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினான், வில்சன் திறந்தார். 22 மாதம் அவருடைய மடிக்கணினி இன்னொருவன் வசம் இருந்ததாகவும், பிறகு சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அதில் வைக்கப்பட்டதாகவும் அமெரிக்காவின் ஆர்சனல் ஆய்வு நிறுவனம் சொன்னது 2021 பிப்ரவரியில்தான். திருச்சி மாவட்டம் விராகலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இப்படியே நடந்ததென்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. 2019 ஜூன் 12இல் சோதனை. முந்தைய நாளே ஊடுருவியவன் தடயத்தைத் துடைக்க முயன்றிருக்கிறான். அறிக்கை வரும்போது பாதிரியார் உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5இல், ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையில் இறந்துபோனார். தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்றுக்கொள்ளவில்லை.

2016இல் அந்தத் திருடன் ஒரு மனிதரை நயந்து பேசி நம்பவைக்க வேண்டியிருந்தது. மனிதர் சந்தேகப்படலாம், "நீங்கதான் அனுப்புனீங்களா தோழர்?" என்று போனைப் போட்டுக் கேட்கலாம். உதவியாளர் போன் போட்டுக் கேட்பதில்லை.

நம்மில் பலர் இதைத் தனியுரிமை என்ற நடுத்தர வர்க்கக் கவலையாகத் தள்ளிவிடுகிறார்கள். வேலை பறிபோவதைப் பற்றி மட்டும் அறிக்கை எழுதுகிறார்கள், அதையும் உதவியாளரிடமே சொல்லி எழுதுகிறார்கள். (கிண்டலாகச் சொல்லவில்லை, பார்த்தேன்.) தென்மாவட்டத்து வன்கொடுமை வழக்குகளில் உண்மையறியும் குழுக்கள் எழுதும் குறிப்புகளில் சாட்சிகளின் பெயர், தெரு, அவர்கள் வேலை செய்யும் காட்டின் சொந்தக்காரர் பெயர் எல்லாம் இருக்கும். அக்குறிப்பு வந்து சேரும் மின்னஞ்சலை ஜெனரல் பவரோடு இணைத்து வைப்பவருக்கு, பறிபோகப்போவது தன் தனியுரிமை அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும். சாட்சி சொன்ன பெண் நாளைக்கும் அதே காட்டுக்குத்தான் களையெடுக்கப் போக வேண்டும்.

அந்தரங்கத் தரவு, அந்நியர் எழுதிய பிரதி, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே உதவியாளர் கையில் சேரக் கூடாது என்று சைமன் வில்லிசன் 2025 ஜூனில் எழுதினார். இதில் ஒன்றையாவது பிடுங்கிவிட்டால் பாதி ஆபத்து போகும். இயக்க வேலைக்கென்று தனிக் கணக்கு வைத்து அதை எதனோடும் இணைக்காமல் விடுவது, இணைத்தவற்றை இரண்டு மாதத்துக்கொருமுறை பார்த்து ரத்து செய்வது, இவை சலிப்பூட்டும் வேலைகள்தான். ஆனாலும் இவற்றால் தீராதது ஒன்றுண்டு. 2025இல் 'போஸ்ட்மார்க் எம்.சி.பி.' என்ற கடிதம் அனுப்பும் இணைப்புக் கருவி பதினைந்து பதிப்பு வரை ஒழுங்காக வேலை செய்தது. பதினாறாவதில் ஒரே ஒரு வரி கூடியது. அதிலிருந்து போகும் கடிதமெல்லாம் அதை எழுதியவனுக்கும் ஒரு நகலாகப் போயிற்று. நம்பிக்கை சம்பாதிக்கும்வரை காத்திருப்பது வட்டிக்கடைக்காரனுக்கும் தெரிந்த வித்தைதான்.

உதவியாளர் உங்கள் டோக்கனை வைத்துச் செய்ததெல்லாம் பதிவேட்டில் உங்கள் பெயரில்தான் ஏறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவி, ஹாஷ் எண் என்ன என்று அதில் நிரப்ப வேண்டும். கோப்பு இடையில் மாறவில்லை என்று ஹாஷ் சொல்லும். அதை எழுதச் சொன்னது யார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.